அல்வாச் சக்கையும் தவிட்டு பிரட்டும்: பாளையங்கோட்டை பேக்கரி ஒன்றின் நார்ச்சத்துப் பண்டங்கள்

ஐந்து மாதங்களாக வாரத்துக்கு இரண்டு முறையாவது நான் பண்டம் வாங்கிவரும் பேக்கரி ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பாளையங்கோட்டை மார்க்கெட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் அந்தக் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. பாராட்டோடு சில குறைகளையும் சொல்ல வேண்டியிருக்கிறது, அவற்றுள் ஒன்றிரண்டு கடைக்காரரிடம் நேரில் சொல்லியும் இன்னும் தீராதவை. முன்பக்கம் பேக்கரி, பின்கட்டில் அல்வாக் கொட்டகை என இரண்டு தொழிலும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் கடை என்று சொன்னால் ஊர்க்காரர்கள் சிலர் கண்டுபிடித்துவிடக்கூடும். அதற்கு நான் பொறுப்பல்ல.

நான் மேல்நிலைப் பள்ளியில் மனையியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இட்லியில் ஒன்றைக் குறைக்கச் சொன்னால் குறைத்துக்கொள்வார், இரவில் சோற்றை விடச் சொன்னால் விட்டுவிடுவார். ஆனால் மாலை நாலரை மணிக் காப்பிக்கு ஒரு பன்னோ நாலு வெண்ணெய் பிஸ்கட்டோ இல்லாவிட்டால் அன்றையப் பொழுது அவருக்குப் பொழுதாகவே இராது. பாளையங்கோட்டையில் பாதி வீடுகளின் கதை இதுதான். எனவே, அந்தக் கடையின் கண்ணாடி அலமாரியில் ஒரு தட்டு முழுவதற்கும் பச்சைத் தாள் ஒட்டி, ‘நார்ச்சத்து மிகுந்தவை’ என்று எழுதி வைத்திருந்ததைப் பார்த்ததும், பழக்கத்தை மாற்ற முடியாத மனிதருக்குப் பண்டத்தையாவது மாற்றிப் பார்க்கலாமே என்றுதான் வாங்கத் தொடங்கினேன்.

அந்தத் தட்டில் நான்கு பண்டங்கள் இருந்தன: கோதுமைத் தவிட்டு பிரட், கேழ்வரகு கருப்பட்டி பிஸ்கட், கம்பு பிஸ்கட், பல தானிய ரஸ்க். ஐந்தாவதாக ஒன்று தாளும் இல்லாமல் பெயரும் இல்லாமல் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தகர டின்னில் கிடந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பிரட். நானூறு கிராம் அறுபது ரூபாய். அதே கடையின் மைதா பிரட்டைவிடப் பதினைந்து ரூபாய் கூடுதல். மேலோடு கருஞ்சிவப்பாக, சற்றுத் தடிப்பாக இருக்கும். வெட்டிய முகத்தில் தவிட்டுத் துணுக்குகள் கண்ணுக்கே தெரியும். மைதா பிரட்டைப் போல் கையில் அமுக்கினால் பஞ்சாகி ஒடுங்குவதில்லை. வாயில் இட்டால் முதல் கடியில் சற்று உலர்ந்ததுபோல் தோன்றினாலும் மெல்ல மெல்ல ஒரு கோதுமை இனிப்பு வருகிறது. சட்னிக்கும் பொருந்துகிறது, மிஞ்சிய சாம்பாருக்கும் பொருந்துகிறது. வீட்டுக்காரர் முதல் நாள் முகம் சுளித்தார், இரண்டாம் வாரத்தில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இந்த பிரட்டுக்குப் பின்னால் இருக்கும் வேலையை நான் நேரில் பார்த்தேன். கடையின் மாஸ்டர் முப்பது வயதைத் தாண்டாத இளைஞர். நான் ஆசிரியை என்று தெரிந்ததும், “வாங்க டீச்சர், உள்ள வந்து பாருங்க” என்று கூட்டிப்போய்க் காட்டினார். ஒரு பெரிய பாத்திரத்தில் முந்தைய இரவே கோதுமைத் தவிட்டில் வெந்நீர் ஊற்றி மூடி வைத்திருந்தார். காலையில் அது நனைந்த மரத்தூள்போல் ஊதிக் கிடந்தது. கையில் அள்ளிப் பிழிந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. தவிடு தன் எடையைவிட அதிகமான தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். நனைக்காமல் நேராக மாவில் போட்டால், பிசையும்போது மாவுக்கென்று ஊற்றிய தண்ணீரைத் தவிடு மெதுவாக இழுத்துக்கொள்ள, மாவு நேரம் ஆக ஆக இறுகிக்கொண்டே போகும். “மொதல்ல போட்ட பத்து பிரட்டும் செங்கல்லு டீச்சர், நாய் கூட மோந்து பாத்துட்டுப் போயிடுச்சி” என்றார்.

செங்கல்லானதற்குத் தண்ணீர் மட்டும் காரணமன்று. கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசையும்போது அதிலுள்ள புரதங்கள் ஒன்றோடொன்று பின்னி ‘குளூட்டன்’ என்னும் இழுபடும் வலையாகின்றன. ஈஸ்ட் வெளியிடும் காற்று அந்த வலைக்குள் சிறைப்பட்டுத்தான் பிரட் பொங்குகிறது. தவிட்டுத் துணுக்குகளின் கூர்மையான ஓரங்கள் அந்த மெல்லிய சவ்வுகளை அங்கங்கே அறுத்துவிடுவதால் காற்று நழுவிப்போய் பிரட் உயராமல் அமர்ந்துவிடுகிறது. இரவு முழுவதும் ஊறிய தவிடு மென்மையாகிவிடுவதால் அறுப்பதும் குறைகிறது, தண்ணீருக்காகப் போட்டியிடுவதும் குறைகிறது. உலகெங்கும் தவிட்டு பிரட் செய்கிறவர்கள் கையாளும் இந்த வழியை, இந்த இளைஞர் பத்து பிரட்டுகளை வீணாக்கித் தாமாகவே கண்டடைந்திருக்கிறார்.

கலவையின் அளவையும் அவர் மறைக்கவில்லை. பத்துக் கிலோ மாவில் முழுக்கோதுமை மாவு ஆறு கிலோ, மைதா மூன்றரைக் கிலோ, தவிடு அரைக் கிலோ. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள் அட்டவணைப்படி, 100 கிராம் முழுக்கோதுமை மாவில் 11 கிராமுக்குச் சற்று மேலும், மைதாவில் 3 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவும் நார்ச்சத்து இருக்கிறது. தவிட்டில் 40 கிராமுக்கு மேல். மூன்றையும் கூட்டினால் பத்துக் கிலோ மாவில் ஏறத்தாழ ஒரு கிலோ நார். அந்த மாவு தண்ணீரோடு சேர்ந்து பதினைந்து, பதினைந்தரைக் கிலோ பிரட்டாகிறது என்று மாஸ்டர் சொன்னதால், 100 கிராம் பிரட்டில் ஆறு கிராமுக்கு மேல் வருகிறது. மைதா பிரட்டில் இது இரண்டு கிராம்கூட வராது.

இந்த ஆறு என்ற எண்ணுக்கு ஒரு பொருள் உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, 100 கிராம் திட உணவில் குறைந்தது 3 கிராம் நார் இருந்தால் ‘நார்ச்சத்து உள்ளது’ என்றும், 6 கிராம் இருந்தால்தான் ‘நார்ச்சத்து மிகுந்தது’ என்றும் எழுதலாம். ஆக, பிரட்டின்மேல் ஒட்டிய பச்சைத் தாள் மயிரிழையில் பிழைக்கிறது. ஆனால் அந்த எண்ணை நான்தான் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. உறையில் எந்த எண்ணும் இல்லை. ஒரு முறை ஆய்வகத்துக்கு அனுப்பி அளந்து, அந்த அளவை அச்சிட்டுவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. கடைக்காரர் அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது, “செஞ்சிருவோம் டீச்சர்” என்றார். சொல்லி மூன்று மாதம் ஆகிறது.

இரண்டு துண்டு, அதாவது 50 கிராம் சாப்பிட்டால் மூன்று கிராம் நார் கிடைக்கிறது. பெரியவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராமாவது நார்ச்சத்து உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்திருப்பதை வைத்துப் பார்த்தால், இது எட்டில் ஒரு பங்கு. மிச்சம் ஏழு பங்கைக் கீரையும் பயறும் காயும் பழமும்தான் தர வேண்டும். ஆனாலும் எப்படியும் தின்னப்போகிற மைதா பிரட்டின் இடத்தில் இது வந்து உட்காருவதால், அந்த மூன்று கிராம் புதிய மாவுச்சுமை எதையும் ஏற்றாமல் வருகிறது. இந்தத் தட்டில் நான் மனமுவந்து பரிந்துரைப்பது இதை மட்டும்தான்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். முதல் வாரத்தில் உற்சாக மிகுதியில் நானே ஒரு நாளைக்கு ஆறு துண்டு சாப்பிட்டு, இரண்டு நாள் வயிறு உப்பி அவதிப்பட்டேன். சிறுகுடலில் செரிக்காத நாரின் ஒரு பகுதியைப் பெருங்குடலிலுள்ள நுண்ணுயிர்கள் புளிக்க வைக்கும்போது வாயு உண்டாவது இயல்பு. வகுப்பில் இருபது ஆண்டுகள் இதைச் சொல்லிக்கொடுத்தவள் நான். சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும், கூடவே தண்ணீரும் போதிய அளவு குடிக்க வேண்டும். இன்னொன்று, இந்தக் கடையில் பூஞ்சைத் தடுப்புப் பொருள் எதுவும் சேர்ப்பதில்லை. தவிடு பிடித்துவைத்திருக்கும் ஈரம் வேறு. கோடையில் மூன்றாம் நாளும், ஐப்பசி மழையில் இரண்டாம் நாளுமே பச்சைப் புள்ளி விழுந்துவிடுகிறது. வாங்கிய அன்றே பாதியைக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிடுவது நல்லது.

பல தானிய ரஸ்க்கைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் பார்த்தாலே போதும்: மைதா, சர்க்கரை, தாவர நெய், அதற்குப் பிறகுதான் பல தானிய மாவு, அதுவும் நான்கு சதவீதம். எடையில் அதிகமானது முதலில் வர வேண்டும் என்பதே இந்தப் பட்டியலுக்கான விதி என்பதால், இது மைதா ரஸ்க்தான் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நிறம் மட்டும் அருமையான பழுப்பு. ஒரு துண்டை வெந்நீர் உள்ள கண்ணாடி டம்ளரில் போட்டு வைத்தேன். கால் மணி நேரத்தில் ரஸ்க் வெளிறிப்போய், தண்ணீர் கடுங்காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது. பட்டியலின் கடைசியில் கேரமல் (சர்க்கரையைக் கருக்கிச் செய்யும் நிறமி) என்று இருந்ததன் பொருள் அப்போது விளங்கியது. தவிட்டின் நிறம் இப்படித் தண்ணீரில் கரைந்து வராது. பழுப்பாக இருப்பதெல்லாம் நார் என்று நம் மக்கள் நினைப்பதை இந்த ரஸ்க் நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. இதன்மேல் அந்தப் பச்சைத் தாள் இருப்பது சரியன்று.

கேழ்வரகு கருப்பட்டி பிஸ்கட்டின் கதை வேறு. சுவையில் குறை சொல்லவே முடியாது. உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டி என்றார்கள். புகை கலந்த அந்த மணம் பொட்டலத்தைப் பிரித்த உடனேயே வருகிறது. சுக்கு சரியான அளவில் விழுந்திருக்கிறது. பிஸ்கட்டுக்குப் பொங்க வேண்டிய அவசியம் இல்லாததால், குளூட்டன் இல்லாத கேழ்வரகுக்கும் கம்புக்கும் பிரட்டைவிட பிஸ்கட்டே பொருத்தமான வடிவம். நாக்கில் மண்போல் நெருடுவதுகூட இதில் ஒரு குணமாகிவிடுகிறது.

ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. கேழ்வரகு மாவில் 100 கிராமுக்கு 11 கிராம் நார் இருப்பது உண்மை. பிஸ்கட்டில் அந்த மாவு பாதிக்கும் குறைவு, மற்றதெல்லாம் வெண்ணெயும் கருப்பட்டியும். எனவே 100 கிராம் பிஸ்கட்டில் ஐந்து கிராம் நார் தேறினால் பெரிது. ஒரு பிஸ்கட் பன்னிரண்டு கிராம் இருந்தது. இரண்டு துண்டு பிரட் தரும் மூன்று கிராம் நாரை இதிலிருந்து பெற ஐந்து பிஸ்கட் தின்ன வேண்டும். அந்த ஐந்தோடு முந்நூறுக்குப் பக்கமான கலோரியும் உள்ளே போகும். மார்க்கெட் வாசலில் கூடையில் வைத்து விற்கிற கொய்யாவில் நடுத்தரமான ஒன்று போதும், இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் நார் தந்துவிடும். கருப்பட்டி போட்டது சர்க்கரை நோய்க்கு ஆகும் என்று எங்கள் தெருவிலேயே பலர் நம்புகிறார்கள். கருப்பட்டியும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது நாம் காப்பியில் போடும் அதே சர்க்கரைதான். பண்டமாக நினைத்து இரண்டு தின்னலாம், மருந்தாக நினைத்துப் பத்து தின்னக் கூடாது.

கம்பு பிஸ்கட்டில் எனக்கு ஒரு மனத்தாங்கலே ஏற்பட்டது. முதல் முறை வாங்கியது நன்றாக இருந்தது. இரண்டாம் முறை வாங்கியதில் ஒரு காறல் கசப்பு. வாய் கொப்பளித்த பிறகும் தொண்டையில் நின்றது. கம்பில் கொழுப்பு மற்றப் பல தானியங்களைவிடச் சற்று அதிகம். அரைத்ததும் அதிலுள்ள நொதி அந்தக் கொழுப்பைச் சிதைக்கத் தொடங்குவதால், கம்பு மாவு சில நாட்களிலேயே கசந்துவிடும். நம் பாட்டிமார் கம்பை அன்றன்றைக்கு இடித்ததற்குக் காரணம் இருந்தது. மாவு எப்போது அரைத்தது என்று கேட்டேன். மூட்டையில் வருகிறது, வந்து இரண்டு வாரம் இருக்கும் என்றார்கள். பொட்டலத்தை மாற்றிக்கொடுக்க முன்வந்தார்கள், மாற்றிக் கொடுத்ததும் அதே மூட்டையின் மாவுதான். தானியமாக வாங்கி, பக்கத்து மில்லில் தேவைக்கு அரைத்துக்கொண்டால் தீர்ந்துவிடக்கூடிய குறை இது. அது தீரும்வரை நான் வாங்குவதாக இல்லை.

கடையில் கொடுக்கும் துண்டுத்தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘நார்ச்சத்து சர்க்கரை நோயைக் குணப்படுத்தும், கொழுப்பைக் கரைக்கும்’ என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். நார்ச்சத்து என்பது ஒரே பொருளன்று. ஓட்ஸ், பார்லி, இசப்கோல் போன்றவற்றில் உள்ள, தண்ணீரில் கரைந்து கூழாகும் நார், உணவிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் வேகத்தைத் தணிக்கும். ஓட்ஸிலுள்ள பீட்டா குளுக்கான் என்னும் கரையும் நார் நாளொன்றுக்கு மூன்று கிராம் அளவில் தொடர்ந்து சேர்ந்தால் கெட்ட கொழுப்பும் ஓரளவு குறையும். கோதுமைத் தவிட்டில் இருப்பதோ பெரும்பாலும் கரையாத நார். மலச்சிக்கலுக்கு அது கைகண்டது, கொழுப்பைக் குறைக்கும் வேலையை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. உகாண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் என்ற மருத்துவர் 1970-களில் நார்ச்சத்தின் பெருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னபோதும், நோய் வராமல் தடுப்பதைப் பற்றித்தான் பேசினார். வந்த சர்க்கரையைத் தவிடு விரட்டிவிடும் என்று சொல்லவில்லை. இந்தத் துண்டுத்தாளை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் யார் பதில் சொல்வது?

இனி அந்தத் தகர டின். திருநெல்வேலிக்காரர்களுக்கு அல்வா எப்படிக் கிண்டப்படுகிறது என்று விளக்க வேண்டியதில்லை. சம்பா கோதுமையை ஊற வைத்து, ஆட்டி, பாலைப் பிழிந்து எடுத்துக்கொண்டு சக்கையைத் தள்ளிவிடுவோம். பாலோடு போவது மாவுச்சத்து. சக்கையில் நிற்பது தவிடும், ரப்பர்போல் இழுபடும் குளூட்டனில் ஒரு பகுதியும். ஊர்ப்பெயரைச் சுமந்துகொண்டு உலகமெங்கும் போகும் ஒரு பண்டத்துக்காகக் கோதுமையின் நாரை முழுவதுமாகக் கழித்துக்கட்டி மாட்டுக்குப் போடுகிறவர்கள் நாம். பிறகு அதே நாரைக் காசு கொடுத்து வாங்கப் பச்சைத் தாள் ஒட்டிய அலமாரியைத் தேடுகிறோம்.

இந்தக் கடையின் மாஸ்டருக்கு அந்தச் சக்கைமேல் கண் விழுந்திருக்கிறது. பிழிந்த சக்கை இந்த ஊர் வெயிலில் இரண்டு மணி நேரம் கிடந்தாலே புளித்து நாறத் தொடங்கிவிடும் என்பதால், அல்வாக் கொட்டகையிலிருந்து வந்த உடனேயே டிரேயில் மெல்லியதாகப் பரப்பி, பிரட் எடுத்த பிறகு அடங்கியிருக்கும் ஓவன் சூட்டில் உலர்த்துகிறார். உலர்ந்ததை மில்லில் கொடுத்து அரைத்து, சம அளவு கோதுமை மாவு, ஓமம், மிளகு, உப்பு, நல்லெண்ணெய் சேர்த்து, சர்க்கரையே இல்லாமல் உள்ளங்கை அகலத்துக்கு மெல்லிய கார பிஸ்கட்டாகப் போடுகிறார். முதலில் வந்தது தேங்காய் மட்டையைக் கடித்ததுபோல் இருந்தது என்று அவரே சொன்னார். அரைத்த பொடியைச் சலித்து, சலிப்பில் நின்ற கப்பியை மறுபடி அரைத்த பிறகுதான் பதம் வந்திருக்கிறது.

நான் தின்றது அந்தப் பதம் வந்த பிறகு. விளிம்பைப் பிடித்து ஒடித்தால் அப்பளத்துக்கும் தட்டைக்கும் நடுவிலான ஒரு சத்தம். முதலில் ஓமம், பிறகு வறுத்த கோதுமையின் வாசனை, கடைசியில் சக்கையிலிருந்து வந்த மிக மெல்லிய புளிப்பு. பத்துக் கிராம் எடையுள்ள ஒரு பிஸ்கட்டை மென்று முடிக்க வெண்ணெய் பிஸ்கட்டைப்போல் மூன்று மடங்கு நேரம் ஆகிறது. வீட்டுக்காரர் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார், யாரும் சொல்லாமலே. நூறு கிராம் நாற்பது ரூபாய். இனிப்பு பிஸ்கட்டின் பக்கத்தில் வைத்தால் இது ஏழை வீட்டுப் பிள்ளை மாதிரி தெரிவது உண்மைதான். எண்ணெய் இன்னும் கொஞ்சம் குறையலாம், மிளகு எல்லாத் தடவையும் ஒரே அளவில் விழுவதில்லை. ஆனாலும் இந்தக் கடையில் நார்ச்சத்து என்ற பெயருக்கு முழுத் தகுதியுள்ள பண்டம் எதுவென்றால், பச்சைத் தாள் ஒட்டாத இதுதான்.

“இதுக்கு ஏன் அண்ணாச்சி பேர் எழுதி வைக்கலை?” என்று கேட்டேன்.

“சக்கைன்னு எழுதுனா யாரு டீச்சர் வாங்குவா? மாட்டுக்குப் போடுறதை மனுசனுக்கு விக்கான்னுல்லா சொல்லுவாவ” என்றார்.

செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மாலை நான்கு மணிக்கு மேல் போனால் கிடைக்கும். ஆறு மணிக்கு டின் காலியாகிவிடும், ஆகவே பெயர் இல்லாமலும் வாங்குகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் மட்டும் போய் ஏமாற வேண்டாம். அப்போது நாள் முழுக்க அல்வா கிண்டுவதால் சக்கை மலைபோல் குவிகிறது, ஆனால் ஓவன் முழுவதும் கேக்குக்கும் நெய் பிஸ்கட்டுக்கும் போய்விடுவதால் உலர்த்த இடமில்லை; பழையபடி மாட்டுக்காரர்தான் சைக்கிளில் வந்து அள்ளிக்கொண்டு போகிறார்.